ஈச்சங்குளத்துக் காட்சி மேடை

ஈச்சங்குளத்து மிருகங்களுக்கு அன்று தலைகால் புரியவில்லை. தவளைகள் தொண்டை கிழியக் கத்தின. முயல்கள் குட்டிக்கரணம் போட்டன. எப்போதும் கல் மாதிரி கிடக்கிற ஆமை ஏகாம்பரம்கூடக் கழுத்தை முழுசாக வெளியே நீட்டிச் சிரித்தார். அவர்தான் அந்தக் குளத்துக்குத் தலைவர்.

காட்டரசர் சிங்கராஜா 'சீர்மிகு குளம்' என்று ஒரு திட்டம் அறிவித்திருந்தார். குளங்களுக்குள் போட்டி. தேர்வாகிற குளத்துக்கு அரண்மனையிலிருந்து வேர்க்கடலை மூட்டை மூட்டையாக வரும். அந்தப் பட்டியலில் ஈச்சங்குளமும் வந்துவிட்டது!

"நம்ம குளம் இனிமே வேற குளம்!" என்றார் ஏகாம்பரம்.

"என்ன செய்யப் போறாங்களாம், தலைவரே?" என்று ஒரு முயல் கேட்டது.

"என்னவோ செய்யப் போறாங்க! பெருசா செய்யப் போறாங்க! நீ ஆடு!"

முயலும் ஆடியது.

திட்டத்தை நடத்த அரண்மனையிலிருந்து குள்ளநரி சிங்காரம் வந்து சேர்ந்தான். நெற்றியில் சந்தனம், வாலில் எண்ணெய். வந்ததும் கரைமேல் ஏறி நின்றான்.

"பாதிக் கடலை அரண்மனை தரும். மீதிக்கு ஈடா நீங்க வீட்டுக்கு ஒரு கூடை தீனி தரணும். உங்க பங்கு வந்தாத்தான் அரண்மனைப் பங்கு வரும். அதுதான் விதி!"

எல்லாரும் மறுபேச்சில்லாமல் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒருத்தி மட்டும் கொட்டவில்லை. அவள்தான் முள்ளம்பன்றி சடைச்சி.

சடைச்சி கிழங்கு வியாபாரி. பிறந்த வளை வெள்ளத்தில் போய், யாரும் சீந்தாத ஒரு காய்ந்த வேரை வைத்துக்கொண்டு பிழைப்பைத் தொடங்கியவள். ஏமாந்த இடமெல்லாம் அவளுக்குப் பள்ளிக்கூடம். அவளோடு பேரம் பேசிவிட்டு வந்தால் கரடிக்கே ரெண்டு நாளைக்குத் தலைவலி விடாது. கோபம் வந்தால் முதுகு முள்ளெல்லாம் சடசடவென்று நிற்கும். கோபம் அடிக்கடி வரும்.

"முழுக்கூடையா? நானும் ரெண்டு குட்டியும் மூணே வாய். ஏழெட்டு வாய் இருக்கிற முயல் வீட்டுக்கும் ஒரு கூடை, எனக்கும் ஒரு கூடையா? எந்த ஊரு நியாயம்யா இது?"

"சடைச்சிம்மா, இது அரசாங்க விஷயம். இதுல பேரம் கிடையாது."

"பேரம் இல்லாத விஷயம் இந்தக் காட்டுல இன்னும் பொறக்கலை. கால் கூடை!"

"முக்கால் கூடையாவது குடும்மா!"

"வர்றேன்" என்று சடைச்சி திரும்பி நடந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள். கூப்பிடுவான் என்று தெரியும்.

"சரி, சரி, அரைக்கூடை!" என்று நரி கத்தினான்.

சடைச்சி அரைக்கூடைக் கிழங்கைக் கொட்டிவிட்டு, ஜெயித்துவிட்ட மிதப்பில் வளைக்குப் போனாள். அவள் வாழ்நாளில் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். விலையைப் பாதியாகக் குறைத்தாளே தவிர, என்ன சரக்கை வாங்குகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை!

மறுநாள் காலை காட்டுப்பன்றி மொக்கையனும் அவன் கூட்டமும் மேற்குக் கரையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். குளத்துத் தண்ணீர் சலசலவென்று வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

சடைச்சி கரைக்கு ஓடி வந்தாள். "யோவ், என்னய்யா பண்றீங்க?"

"நரியார் சொன்னாரு தங்கச்சி. குளத்து நடுவுல ஒரு தூண் நடணுமாம். தண்ணி இருந்தா நட முடியாதாம்" என்றான் மொக்கையன்.

"தூண் எதுக்கு?"

சிங்காரம் வாலைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தான். "தூண்மேல ஒரு மரங்கொத்தி உட்காரும். குளத்துல தண்ணி எவ்வளவு இருக்குன்னு நாழிகைக்கு ஒரு தரம் கொத்திச் சொல்லும். இந்தக் காட்டுலயே முதல் முறை!"

"தண்ணி எவ்வளவு இருக்குன்னு எங்களுக்கே கண்ணு தெரியுமே!"

"கண்ணு பழைய முறை" என்றான் சிங்காரம்.

கூட்டம் கைதட்டியது. யார் எது சொன்னாலும் அன்றைக்கு அது கைதட்டும்.

தூண் நட்டார்கள். மரங்கொத்தி ஏறி உட்கார்ந்தது. கரையோரம் வெள்ளைக் கூழாங்கல்லால் 'நம்ம ஈச்சங்குளம்' என்று பெரிதாக எழுதினார்கள். புளியமரப் பொந்து ஒன்றுக்குக் 'கண்காணிப்பு மையம்' என்று பெயர் வைத்து, குளத்தைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ள ஓர் ஆந்தையை நியமித்தார்கள். ஆந்தை பகலெல்லாம் தூங்கியது.

வெட்டின கரையை மட்டும் யாரும் மூடவில்லை. குளம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. மரங்கொத்தி ஒழுங்காக வேலை பார்த்தது.

"தண்ணீர் இல்லை! தண்ணீர் இல்லை!" என்று நாழிகை தவறாமல் கொத்தியது.

அரண்மனையிலிருந்து கணக்குப் பார்க்கக் கொக்கு நீலமேகம் வந்தார். ஒற்றைக்காலில் நின்று பேசுகிற பெரிய அதிகாரி. குளத்துப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நேரே கடலை வைத்திருந்த ஆலமரப் பொந்துக்குப் போனார். கழுத்தை உள்ளே விட்டார். வெளியே எடுத்தார்.

"முக்கால் பொந்து காலி! ஆக, முக்கால் வேலை முடிந்தது! பிரமாதம்!"

சடைச்சி வாயைப் பிளந்தாள். "ஐயா, பொந்து காலியானா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தமா?"

"பின்னே? கடலை எதற்கு? வேலைக்கு. கடலை போய்விட்டது. எங்கே போயிருக்கும்? வேலைக்குத்தான் போயிருக்கும்."

கடலை எங்கே போனது என்று ஊருக்கே தெரியும். ஆலோசனை சொன்ன கூலி என்று சிங்காரத்தின் மச்சினனும் மாமனும் வாய் ஓயாமல் கொறித்ததில் முக்கால்வாசி போனது. கரையை வெட்டிக் குழி தோண்டிய மொக்கையனுக்கு ஒரு கடலைகூட வரவில்லை.

முக்கால் வேலை முடிந்ததல்லவா? அடுத்த தவணையை யானைகள் சுமந்து வந்தன. பொந்து வாய்வரைக்கும் நிரம்பியது.

அதற்குள் கோடை உச்சத்துக்கு வந்துவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் ஆற்றுக்குத்தான் போக வேண்டும். ஆற்றுக்குப் போகிற வழியில் சிறுத்தைப் பாறை. சடைச்சி தினமும் ரெண்டு குட்டிகளையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அந்தப் பாறையைத் தாண்டினாள். குட்டிகளுக்கு இன்னும் முள் கெட்டிப்படவில்லை. ஒரு நாள் சிறுத்தை பாய்ந்தேவிட்டது. சடைச்சி பின்பக்கமாகப் பாய்ந்து அதன் மூக்கில் நாலு முள்ளைச் செருகினாள். சிறுத்தை ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. ஆனாலும் சின்னக் குட்டியின் காது கிழிந்து ரத்தம் கொட்டியது.

அந்த ரத்தத்தோடேயே அவள் குளத்துச் சபைக்கு வந்தாள்.

"மழைக்காலம் வரப் போகுது! வெட்டின இடத்தை மூடாம விட்டா ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது! இன்னொரு வருஷம் என் பிள்ளைங்களைச் சிறுத்தை வாயில விட்டு எடுக்க என்னால முடியாது! மூடித் தர்றீங்களா இல்லையா?"

ஆமை ஏகாம்பரம் கழுத்தைப் பாதி உள்ளே இழுத்துக்கொண்டார். "கோபப்படாதேம்மா. நம்ம குளம் பட்டியல்ல இருக்கு."

"பட்டியலைக் குடிக்க முடியுமா?"

"அரைக்கூடை குடுத்துட்டு இந்தப் பேச்சா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு முயல் சொன்னது. "முழுக்கூடை குடுத்த நாங்களே சும்மா இருக்கோம்."

சடைச்சிக்குச் சுருக்கென்று தைத்தது. விலை பேசிய வாய்க்கு வேலையைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லையே என்று தன்மேலேயே ஒரு கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் சேர்த்துக்கொண்டு நரியிடம் போனாள்.

"யோவ் சிங்காரம்! உடைப்பை அடை!"

"அடைக்க முடியாதும்மா. திட்டத்துல அப்படி ஒரு வேலையே இல்லை."

"நீதானேய்யா வெட்டினே?"

"திட்டம் போட்டப்போ உடைப்பு இல்லை. இல்லாத உடைப்பை அடைக்க எப்படித் திட்டம் போடுவாங்க? திட்டத்துல இல்லாத வேலைக்கு ஒரு கடலைகூட எடுக்க முடியாது."

"அப்போ நாங்களே அடைச்சுக்கிறோம்!"

"தொட்டீங்க, தொலைஞ்சீங்க! அது திட்ட நிலம். சிங்கராஜா தோலை உரிச்சிருவாரு."

சடைச்சியின் முள் அத்தனையும் எழுந்து நின்றது. ஒரே உதறு உதறினால் நரி சல்லடையாகிவிடுவான். அவள் உதறவில்லை. நரி ரத்தம் சிந்தினால் குளம் நிரம்பாது என்று அவளுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள்.

ஒரு வாரம் போனது. மேற்கே கறுப்பாக மேகம் ஏறியது. கூடவே அரண்மனையிலிருந்து ஒரு கிளி பறந்து வந்தது.

"சீர்மிகு குளம் திட்டம் முடிகிறது! நாளை மறுநாள் கொக்கு ஐயா கடைசிச் சோதனைக்கு வருகிறார்! பொந்தில் கடலை மிச்சம் வைத்த அதிகாரி மறுநாளிலிருந்து சிங்கக் குகையில் எலும்பு பொறுக்க வேண்டும்! கடலை யாருக்குப் போனாலும் கொக்கு ஐயா கண்ணெதிரே போக வேண்டும்!"

சிங்காரத்துக்கு வாலில் இருந்த எண்ணெய் எல்லாம் வேர்வையாக ஒழுகியது. ரெண்டாவது தவணை அப்படியே இருந்தது. மச்சினன் கம்பெனிக்கே வேலையைத் தர வேண்டும் என்று, வேலை கேட்டு வந்த மற்றவர்களையெல்லாம் திருப்பி அனுப்பி, மச்சினனுக்கோ கடலை தின்று வயிறு ஊதி எழுந்திருக்க முடியாமல், காலம் போய்விட்டது.

அன்று மாலை சடைச்சி கிழங்கு ஒன்றைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் தற்செயலாக வருகிற மாதிரி வந்தாள்.

"என்ன நரியாரே, முகம் வாடிக் கிடக்கு?"

"சடைச்சிம்மா! நாளை மறுநாளுக்குள்ள இவ்வளவு கடலையையும் செலவு பண்ணணும். வழி ஏதாவது இருக்கா?"

"இருக்கு. ஆனா முதல்ல ஒண்ணு கேக்கணும். உங்க திட்டத்துல இன்னும் செய்யாத வேலை என்னென்ன இருக்கு?"

நரி விரல்விட்டு எண்ணினான். "காட்சி மேடைன்னு ஒண்ணு. மேல நின்னு குளத்தைப் பார்க்கிறதுக்கு. அப்புறம் குளத்து நடுவுல அழகுக்காக ஒரு பள்ளம்."

"மேடை எங்கே வரணும்?"

"மேற்குக் கரையில."

"உடைப்பு எங்கே இருக்கு?"

"மேற்குக்…" நரியின் வாய் திறந்தபடி நின்றது.

"உடைப்புக்குள்ளேயே மேடையைக் கட்டு. மேடைக்கு மண்ணு வேணும்ல? குளத்து நடுவுல அள்ளு. அழகுப் பள்ளமும் ஆச்சு. பேரு உன் திட்டத்துப் பேரு. ஒரு எழுத்து மாறலை!"

சிங்காரம் எழுந்து குதித்தான். பிறகு சட்டென்று அடங்கி, கண்ணை இடுக்கிக்கொண்டான். அவனும் லேசுப்பட்டவன் இல்லை.

"நல்ல யோசனை. கடலையில எனக்குப் பாதி."

"ஒண்ணும் கிடையாது."

"கால்வாசி!"

"தோலு தர்றேன். கடலைத் தோலு. மெத்தைக்கு ஆகும்."

"என்னை என்னன்னு நினைச்சே? நான் அரண்மனை அதிகாரி!"

"வர்றேன்" என்று சடைச்சி நடந்தாள்.

நரி கூப்பிடவில்லை. அவள் நடந்தாள். இன்னும் கூப்பிடவில்லை. அன்றைக்குக் கிழங்குக்காக நடந்த நடை வேறு. இன்றைக்கு இவன் கூப்பிடாவிட்டால் குட்டிகள் இன்னொரு கோடை முழுக்கப் பாறையைத் தாண்ட வேண்டும். ஆனாலும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பேரம் போச்சு.

மேற்கே ஓர் இடி இடித்தது.

"சடைச்சிம்மா! தோலே குடு!" என்று நரி அலறினான்.

சடைச்சி மூச்சை விட்டாள்.

அடுத்த முடிச்சு மொக்கையனிடம் இருந்தது. அவன் படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"போன தடவை வெட்டினதுக்கே கூலி வரலை தங்கச்சி. கேட்டா நரியார் என்ன சொன்னார் தெரியுமா? வேலை முடிஞ்சதுன்னு கொக்கு ஐயா சொன்னாத்தான் கடலையாம். கொக்கு ஐயாவைக் கேட்டா, கடலை தீர்ந்தாத்தான் வேலை முடிஞ்சதாம். நான் எங்கே போய் முட்டிக்கிறது?"

"முட்டிக்க வேணாம் அண்ணே. ஒரு வாய் மண்ணு கொண்டாந்து போடு. ஒரு வாய் கடலை வாங்கிக்கோ. போட்டாத்தான் கடலை, கடலை குடுத்தாத்தான் அடுத்த மண்ணு. நீயும் நம்ப வேணாம், அவனும் நம்ப வேணாம்."

மொக்கையன் ஒரு காதைத் தூக்கினான். அப்புறம் இன்னொரு காதைத் தூக்கினான். அப்புறம் எழுந்தான்.

சோதனை நாள் வந்தது. வானம் தார் மாதிரி இருந்தது. கொக்கு நீலமேகம் முதுகில் ஒரு மூட்டையோடு வந்து பொந்தருகே நின்றார். அது அவருடைய பயணப்படி. அரண்மனை தந்த நயமான கருவாடு. அவர் எங்கே போனாலும் அதுவும் கூடப் போகும்.

"ஆரம்பிங்க!" என்றாள் சடைச்சி.

பன்றிகள் குளத்து நடுவிலிருந்து வாய் நிறைய வண்டல் அள்ளி வந்தன. உடைப்பில் கொட்டின. மிதித்தன. பொந்துக்கு ஓடி ஒரு வாய் கடலை வாங்கின. மறுபடி மண்ணுக்கு ஓடின. முயல்கள் பார்த்தன. கடலை போகிறதே! அவையும் மண் அள்ள ஓடின. ஆமை ஏகாம்பரம் ஓட்டின்மேல் மண் ஏற்றிக்கொண்டு ஊர்ந்தார். வயிறு வடிந்த நரியின் மச்சினன்கூட எழுந்து வந்தான். சடைச்சி பொந்து வாசலில் முள்ளை விரித்து நின்றாள்.

"உன் வாயில மண்ணு அரைவாய்தான் இருக்கு! அரைவாய் கடலைதான்! நகரு!"

"ஒரு கடலை கூடப் போடக்கா!"

"இங்கே என்ன கொசுறா? நகருங்கிறேன்!"

பக்கத்தில் சிங்காரம் தோல் குவியலின்மேல் உட்கார்ந்திருந்தான். கண்ணெதிரே கடலை போய்க்கொண்டே இருந்தது. கொறிக்கிற சத்தம் காதைப் பிய்த்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். கடைசியில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லக் குளத்துக்குள் இறங்கினான். சந்தன நெற்றியெல்லாம் சேறாக, வாய் நிறைய மண்ணோடு வரிசையில் வந்து நின்றான்.

"அடேங்கப்பா! அதிகாரி!" என்று மொக்கையன் சிரித்ததில் அவன் வாயிலிருந்த மண் பாதி கொட்டிப்போனது.

கொக்கு ஐயா பொந்துக்குள் கழுத்தை விட்டு விட்டுக் கூவினார். "கால்வாசி முடிந்தது! அரைவாசி முடிந்தது! முக்கால் முடிந்தது! இவ்வளவு வேகமான முன்னேற்றத்தை என் சர்வீஸிலேயே பார்த்ததில்லை!"

பிறகு ஒரு முறை கழுத்தை விட்டார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"நூற்றுக்கு நூறு! வேலை முடிந்தது!"

எல்லாக் கால்களும் நின்றன. கடலை இல்லை, இனி எதற்கு மண்? ஏகாம்பரம் கொக்குக்கு மாலை போடத் தாமரைத் தண்டைத் தேடினார்.

சடைச்சி உடைப்பைத் திரும்பிப் பார்த்தாள். ரெண்டு கரையும் ஒன்றையொன்று தொட நெருங்கியிருந்தன. ஆனால் தொடவில்லை. நடுவில் ஓர் ஆள் அகலத்துக்குப் பிளவு இருந்தது. மேலே முதல் துளி விழுந்தது. மேட்டுக்காட்டிலிருந்து வெள்ளம் வருகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"இன்னும் கொஞ்சம்தான்! வாங்க, மூடிருவோம்!" என்று கத்தினாள்.

"வேலை முடிஞ்சிருச்சுன்னு ஐயாவே சொல்லிட்டாரே" என்று ஒரு முயல் சொல்லிக்கொண்டே மழைக்கு ஒதுங்கியது. பன்றிகள் உட்கார்ந்துவிட்டன.

அவளுக்கு வந்த கோபத்தில் முள்கள் கலகலவென்று அதிர்ந்தன. அதை அப்படியே விழுங்கினாள். முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு கொக்கிடம் போனாள்.

"ஐயா, நூத்துக்கு நூறு குடுத்த கையோட மேடையில ஏறி நின்னு திறந்து வச்சிருங்களேன். நீங்க நின்ன மேடைன்னு நாளைக்கு ஊரு பேசும்."

கொக்குக்குக் கழுத்து நீண்டது. "அப்படியா? நின்றால் போச்சு!"

கம்பீரமாக நடந்தார். மேடையின் நடுவில், அதாவது பிளவில், காலை வைத்தார். புதுச்சேறு பொளக்கென்று உள்ளே வாங்கியது. நீளமான ரெண்டு காலும் முட்டி வரைக்கும் புதைந்தன. பறக்கலாம் என்று இறக்கையை விரித்தார். கொட்டின மழையில் இறக்கை தொப்பலாகத் தொங்கியது. முதல் வெள்ளம் வந்து அவர் தொடையைத் தட்டியது.

"ஐயோ! அடையுங்கள்! பிளவை அடையுங்கள்!"

"எதுக்கு ஐயா அடைக்கணும்?" என்றாள் சடைச்சி. "வேலைதான் முடிஞ்சிருச்சே. நூத்துக்கு நூறு!"

"இல்லை, இல்லை! தொண்ணூற்றைந்து!"

"தண்ணி வயித்துக்கு வருது ஐயா."

"தொண்ணூறு!"

"நெஞ்சுக்கு வருது."

"எண்பது! எண்பதே எண்பது! இதற்குக் கீழே இறங்கினால் சிங்கராஜா என்னைக் கேட்பார்!"

"நீங்க இறங்க வேணாம். தண்ணி ஏறிக்கிட்டுத்தான் இருக்கு."

"முடியவில்லை! வேலை முடியவே இல்லை! போதுமா?" என்று கொக்கு கதறினார்.

"போதும். முடியாத வேலையை முடிக்கக் கூலி வேணுமே ஐயா? பொந்து காலி."

கொக்கு அவளைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். கரையில் விட்டுவந்த மூட்டையைப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் திரண்டது. உயிர் போகிறதே என்றா, கருவாடு போகிறதே என்றா, யாருக்குத் தெரியும்?

"எடுத்துக்கொள்ளுங்கள்!"

சடைச்சி மூட்டையைக் கிழித்தாள். கருவாட்டு மணம் மழையைத் தாண்டிப் போனது. "ஒரு வாய் மண்ணு, ஒரு துண்டு கருவாடு! ஓடியாங்க!"

பன்றிகள் பாய்ந்தன. நரிக் கூட்டம் பாய்ந்தது. கருவாடு தின்னாத முயல்களும் வந்தன. வெள்ளத்தைக் கண்ணால் பார்த்த பிறகு அவற்றுக்குக் கூலி தேவைப்படவில்லை. சடைச்சி தானும் இறங்கி முகத்தால் மண்ணைத் தள்ளினாள். மொக்கையன் கொக்கின் கழுத்தைக் கவ்வி ஒரே இழுப்பில் வெளியே எறிந்தான். அவர் நின்ற குழியில் அவனே புரண்டு மண்ணை அமுக்கினான். வெள்ளம் வந்து மோதியது. கரை அதிர்ந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

வெள்ளம் ஒரு சுழி சுழித்துத் திரும்பிக் குளத்துக்குள்ளேயே படுத்தது.

விடிய விடியப் பெய்தது. காலையில் ஈச்சங்குளம் தளும்பி நின்றது. சடைச்சியின் குட்டிகள் வளை வாசலிலேயே, பாறையும் சிறுத்தையும் இல்லாமல், வயிறு முட்டக் குடித்தன. கூழாங்கல் எழுத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. தூண் முழுகிவிட்டதால் மரங்கொத்தி வேறு வேலை தேடிப் போனது. ஆந்தை எதையும் பார்க்கவில்லை.

கொக்கு நீலமேகம் அரண்மனைக்குப் போய், தாம் நேரில் இறங்கிச் சோதித்ததாகச் சொன்னார். அதில் பொய் இல்லை. சிங்கராஜா மகிழ்ந்துபோய், இந்தக் காட்டிலேயே சிறந்த காட்சி மேடை ஈச்சங்குளத்துடையது என்று அறிவித்தார். சிங்காரத்துக்குப் புது வேலை, புதுக் குளம்.

அப்புறம் பக்கத்துக் குளங்களிலிருந்து குழு குழுவாக மேடையைப் பார்க்க வந்தார்கள். அந்த மண்மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நீளம் அளந்தார்கள், அகலம் அளந்தார்கள். அவர்களுடைய குளங்களில் ஒன்றும் உடைந்திருக்கவில்லை. இருந்தாலும் எல்லாரும் இதே மாதிரி ஒன்று கட்டிக்கொள்வதாக முடிவு செய்தார்கள்.

குழுத்தலைவராக வந்த காட்டெருமை ஒருவர் சடைச்சியிடம் கேட்டார். "நல்லா இருக்கும்மா. மொத்தம் எவ்வளவு கடலை ஆச்சு?"

சடைச்சியின் முள் சடசடவென்று எழுந்தது.

"வந்ததுலேர்ந்து குளத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறீரே! எவ்வளவு ஆச்சுன்னு கேக்குறீர். தண்ணி நிக்குதான்னு திரும்பிப் பார்த்தீரா?"

எருமை அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

எவ்வளவு செலவானது என்பதை வைத்து ஒரு வேலையை அளக்கிறவர்களுக்கு வெறும் பொந்துதான் மிஞ்சும்; என்ன கிடைத்தது என்று விடாமல் கேட்கிறவர்களுக்கே குளம் நிறையும்.